பாத்ரூம் ஃபைபர் கதவு உடைந்தால் வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

பாத்ரூம் கதவின் அடிப்பகுதி பிளந்து உள்ளே இருக்கும் கட்டை தெரிய ஆரம்பித்தால், திருநெல்வேலியில் யாரைக் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: "கழற்றிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க." ஹார்டுவேர் கடையில் கேட்டால் ஒரு புட்டி பாக்கெட்டைக் கையில் தருவார்கள். அது சில மாதத்தில் அப்படியே பெயர்ந்து விழும். எங்கள் வீட்டுக் கதவுக்கும் இதேதான் நடந்தது. கடைசியில் சரியான வழி கிடைத்தது உவரிக் கடற்கரையில், ஃபைபர் வள்ளம் ஒட்டும் ஒரு அண்ணனிடம். கடலில் அடி வாங்கும் வள்ளத்துக்கே அந்த ஒட்டு தாங்குகிறது என்றால் கதவுக்குத் தாராளமாகத் தாங்கும். ஆனால் எதை வாங்குவது, எங்கே வாங்குவது, எவ்வளவு கலப்பது என்று தமிழில் ஒரே இடத்தில் கிடைக்காமல் நான் நிறைய அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம்.

1. முதலில், அது ஃபைபர்தானா?

நம் ஊரில் மரமும் இரும்பும் அல்லாத எல்லாமே "ஃபைபர்"தான். கடைக்காரரும் அப்படித்தான் சொல்லி விற்றிருப்பார். உடைந்த ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி இழைகள் மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருந்தால் அது ஃபைபர் கிளாஸ். இழையே இல்லாமல் வழவழப்பாக உடைந்து, உள்ளே அறை அறையாக வெற்றிடம் இருந்தால் அது பிவிசி கதவு. பிவிசிக்கு இந்த முறை ஒத்துவராது.

மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் பெரும்பாலும் ஃபைபர் இல்லை, பாலிஎத்திலீன். அதில் ரெசின், அதாவது ஃபைபர் ஒட்டும் பிசின் திரவம், ஒட்டவே ஒட்டாது. காய்ந்ததும் அப்பளம் மாதிரி உரிந்து வரும். அதற்குப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவரைத்தான் பார்க்க வேண்டும்.

2. பில், வாரண்டி, வீட்டுக்காரர்

கதவு வாங்கிய பில்லைத் தேடி எடுங்கள். வாரண்டி இன்னும் இருந்தால் கதவில் உப்புத்தாள் படுவதற்கு முன்பே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நீங்கள் ஒருமுறை தேய்த்துவிட்டால் வாரண்டி பற்றிப் பேச முடியாது. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி, வாட்ஸ்அப்பிலாவது சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் பணத்தில் பிடித்தம் வராமல் இருக்க இது உதவும்.

3. வாங்க வேண்டியவை, ஏறக்குறைய விலை

சாதாரண ஹார்டுவேர் கடையில் இதெல்லாம் கிடைப்பது கஷ்டம். வள்ளத்துக்கும் விசைப்படகுக்கும் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், அதாவது தூத்துக்குடிப் பக்கம். போவதற்கு முன் போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்:

"அண்ணாச்சி, ஜிபி ரெசின் ஒரு கிலோ வேணும். கோபால்ட் கலந்ததா, கலக்காததா? எந்த மாசம் தயாரிச்சது?"

ஜிபி என்றால் பொது வேலைக்கான சாதாரண பாலியெஸ்டர் ரெசின். இந்த இரண்டு கேள்வியும் முக்கியம். பாலியெஸ்டர் ரெசின் சில மாதங்களில் கெட்டுவிடும், நம் ஊர் வெயிலில் அதைவிடச் சீக்கிரம். டின்னைச் சாய்த்துப் பார்த்தால் தேன் பதத்தில் ஓட வேண்டும். கட்டி கட்டியாகவோ ஜவ்வு போலவோ இருந்தால் வாங்காதீர்கள். கோபால்ட் என்பது ரெசினை வேகமாக இறுக வைக்கும் ஆக்சிலரேட்டர். முன்னமே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்குங்கள். ஏன் என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

கதவின் அடிப்பகுதி ஒட்டுவதற்கு ரெசின் ஒரு கிலோ போதும். சில்லறையில் 200 முதல் 300 ரூபாய் வரும். ஃபைபர் மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, 450 ஜிஎஸ்எம், ஒரு சதுர மீட்டர். ஜிஎஸ்எம் என்றால் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு, ஆகவே இது அரை கிலோவுக்கும் குறைவுதான், 100 ரூபாய்க்கு முன்னே பின்னே. ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் சின்ன பாட்டில் ஒன்று. கடையில் கேட்டலிஸ்ட் என்றும் சொல்வார்கள். மேல்பூச்சுக்கு வெள்ளை ஜெல்கோட் கால் கிலோ. அசிட்டோன் அரை லிட்டர். பெயின்ட் தின்னர் அதற்கு மாற்று ஆகாது. 2 அங்குல பிரஷ் மலிவானதாக மூன்று, ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குத்தான். உப்புத்தாள் 60, 80, 120, 220, 400, 800 நம்பர்களில். மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று. ஓஎச்பி ஷீட், அதாவது கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தாள், இரண்டு. ரப்பர் கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி.

மாஸ்க்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கொரோனா காலத்துத் துணி மாஸ்க் ரெசின் வாடையைத் தடுக்காது. கரி கார்ட்ரிட்ஜ் வைத்த, ஆவியைத் தடுக்கும் மாஸ்க் வேண்டும். அது மட்டுமே ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். ஆனால் வருடக்கணக்கில் பயன்படும், கார்ட்ரிட்ஜை மாற்றிக்கொண்டால் போதும். மாஸ்க் நீங்கலாக எல்லாம் சேர்த்து 1,000 முதல் 1,500 ரூபாய்க்குள் முடியும். கதவில் சின்னக் கீறல்தான் என்றால் இவ்வளவும் தேவையில்லை, ஜெல்கோட்டும் அதில் கலக்க ஹார்டனரும் போதும்.

ஒரு எச்சரிக்கை. ரெசின், ஹார்டனர், அசிட்டோன் எல்லாமே தீப்பற்றக்கூடியவை. தூத்துக்குடியிலிருந்து ரயிலில் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் 3 வருடம் வரை சிறைக்கு இடம் இருக்கிறது. பஸ்ஸிலும் கொண்டுவரக் கூடாது. சொந்த வண்டியில், ஹார்டனரைத் தனிப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, வெயில் படாமல் கொண்டுவாருங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், அந்த இடம் மதியத்தில் கொதிக்கும்.

4. நாள் பார்ப்பது

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஈரக் காற்றில் கதவும் காயாது, ரெசினும் சரியாக இறுகாது. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் இருப்பவர்கள் ஆனி, ஆடிச் சாரலையும் தவிர்க்க வேண்டும். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் மழையை விடக் காற்றுதான் தொல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த வெளியில் ரெசின் பூசினால் செம்மண் முழுவதும் அதன் மேல்தான் உட்காரும். தை, மாசி நல்ல காலம். சித்திரை வெயிலிலும் செய்யலாம், காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் பூச்சு வேலையை முடித்துவிட வேண்டும்.

கதவு காய்வதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்பது அது குடித்த தண்ணீரைப் பொறுத்தது. அதற்குப் பிறகு மேட் ஒட்ட ஒரு காலை, தேய்த்து ஜெல்கோட் பூச மறுநாள், பாலிஷ் போட அதற்கு அடுத்த நாள். மாட்டிய பிறகும் ஒரு வாரம் தண்ணீர் படாமல் இருந்தால் நல்லது. வீட்டில் ஒரே பாத்ரூம்தான் என்றால், இத்தனை நாளுக்கும் கதவுக்குப் பதில் என்ன என்பதை முதலிலேயே யோசித்து வையுங்கள்.

5. காய வைப்பதும் சாய்த்துத் தேய்ப்பதும்

பெரும்பாலான ஒட்டுகள் பெயர்ந்துபோவதற்குக் காரணம் ரெசின் இல்லை, இந்தப் படியில் காட்டிய அவசரம்தான். உவரி அண்ணன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஒட்டுறது அரை மணி நேர வேலை தம்பி. காய வைக்கிறதும் தேய்க்கிறதும்தான் வேலையே."

கதவைக் கழற்றி, நிழலில் இரண்டு ஸ்டூல் மேல் படுக்கப் போடுங்கள். முதலில் சோப்புத் தூள் போட்டு நன்றாகக் கழுவுங்கள். பாத்ரூம் கதவில் சோப்புக் கறையும் தேங்காய் எண்ணெய்க் கையும் படாத இடமே இருக்காது. கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்த எண்ணெய்ப் பிசுக்கு கீறல்களுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எதுவும் ஒட்டாது. முன்பு யாராவது சிலிக்கான் அடித்திருந்தால் அதைப் பிளேடால் மிச்சமில்லாமல் சுரண்டி எடுங்கள்.

அடுத்து ஒரு ரூபாய் நாணயத்தால் கதவு முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீர் என்று கேட்கும். உள்ளே மரத்தை விட்டு ஃபைபர் பிரிந்திருந்தால் 'பொத்' என்று கேட்கும். அந்த இடத்தைப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். கண்ணுக்குத் தெரியும் உடைப்பை விட இந்த வட்டம் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். நீங்கள் வேலை செய்ய வேண்டியது அந்த வட்டம் முழுவதும்தான்.

பிளந்த இடத்தை விரித்து, உள்ளே மக்கிய கட்டையை ஸ்க்ரூடிரைவரால் தோண்டி எடுங்கள். விரலால் அழுத்தினால் பொதுபொதுவென்று இருப்பது எல்லாம் வெளியே வர வேண்டும். உள்ளே கட்டைக்குப் பதில் நுரை இருந்தால் ஒரு துளி அசிட்டோன் விட்டுப் பாருங்கள். கரைந்து குழி விழுந்தால் அது தெர்மாகோல். பாலியெஸ்டர் ரெசினும் அதை அப்படியே கரைத்துவிடும். அப்படிப்பட்ட கதவுக்கு எபாக்ஸி ரெசினும் நெய்த ஃபைபர் துணியும் வாங்க வேண்டும். விலை கூடும், வேறு வழியில்லை. எபாக்ஸி பூசிய இடத்தின் மேல் பின்னால் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது, அதனால் இரண்டையும் கலந்து யோசிக்காதீர்கள்.

இப்போது ஃபேன் காற்றில் காய விடுங்கள். காய்ந்ததா என்று கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரு கை அகல பாலித்தீன் தாளை அந்த இடத்தில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் இன்னும் காயவில்லை.

நன்றாகக் காய்ந்த பிறகு 60 நம்பர் தாளால் ஓரங்களைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். செங்குத்தான ஓரத்தில் மேட் வைத்தால் பிடிப்பு கிடைக்காது. கதவுத் தோல் 3 மில்லிமீட்டர் கனம் என்றால், உடைப்பின் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரை படிப்படியாகச் சரிந்து வர வேண்டும். பளபளப்பு ஒரு இடத்தில்கூட மிஞ்சக் கூடாது. தூசி முழுவதும் கண்ணாடித் துகள். முழுக்கைச் சட்டை, மாஸ்க், கண்ணாடி மூன்றும் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் செய்யுங்கள். அரிப்பு எடுத்தால் சொறியாமல் பச்சைத் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். அந்த உடுப்பை மற்ற துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

கடைசியாக வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடையுங்கள். அதற்குப் பிறகு வெறும் கையால் தொட வேண்டாம்.

6. கலப்பது: இங்கே தவறக் கூடாது

கோபால்ட் கலக்காத ரெசின்தான் கிடைத்தது என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள். கோபால்ட்டும் ஹார்டனரும் நேருக்கு நேர் ஒன்றோடு ஒன்று சேரவே கூடாது. சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை, கடைக்காரர் சொல்லும் அளவில், ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்டனர் பாட்டிலைத் திறக்கவே வேண்டும். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்ச், ஒரே குச்சி பயன்படுத்தாதீர்கள். அசிட்டோனையும் ஹார்டனரோடு சேர்க்காதீர்கள்.

அளவு எடைக்கணக்கு. ரெசினில் 1 முதல் 2 சதவீதம் ஹார்டனர். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். 200 கிராமுக்கு 1 சதவீதம் என்றால் 2 கிராம், சிரிஞ்சில் 2 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. நம் வெயிலுக்கு இந்த அளவே போதும். குளிர்ந்த காலை என்றால் 3 மில்லி வரை போகலாம். வெயில் அதிகம் என்று 1 சதவீதத்துக்கும் கீழே இறங்காதீர்கள். மேலே இறுகின மாதிரி தெரியும், உள்ளே கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருக்கும். அதைச் சுரண்டி எடுப்பது முதல் வேலையை விடப் பெரிய வேலை.

கலக்கும் பாத்திரத்திலும் கவனம் வேண்டும். தெர்மாகோல் கப்பும் டீக்கடையில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் கப்பும் கையிலேயே கரைந்து ஒழுகும். சாம்பார் பார்சல் வரும் கெட்டி டப்பா சரி. அகலமாக, ஆழம் குறைவாக இருப்பது நல்லது, ரெசின் சூடேறுவது குறையும். ஒரு நிமிடம் முழுக்க, ஓரங்களை வழித்து வழித்துக் கலக்குங்கள். 15, 20 நிமிடத்தில் ஜெல்லி பதம் வந்துவிடும். வெயிலில் இன்னும் சீக்கிரம். ஜெல்லி ஆன பிறகு ஒரு சொட்டும் பூசாதீர்கள். டப்பாவில் மிஞ்சியது தானாகச் சூடேறிப் புகையும். உடனே வெளியே எடுத்துப்போய் மண்ணில் வையுங்கள்.

ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் செம்பும் வைத்திருங்கள். பட்டுவிட்டால் ஒரு நொடியும் யோசிக்காமல் குறைந்தது 15 நிமிடம் கண்ணைத் திறந்து வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துக் கண் ஆஸ்பத்திரிக்கோ போங்கள். பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.

7. மேட் ஒட்டுவது

கட்டை போன இடத்தை முதலில் நிரப்ப வேண்டும். நன்றாகக் காய்ந்த மரத்துண்டைச் செதுக்கி ரெசின் தடவி இறக்கலாம். சின்ன இடம் என்றால் ரெசினில் மேட் துணுக்கும் டால்கம் பவுடரும் பிசைந்து அடைக்கலாம். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் அடைத்தால் சூட்டில் வெடிப்பு விழும்.

மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் பிய்த்தால் ஓரம் மெலிந்து பழைய பரப்போடு சேர்ந்துபோகும். மூன்று துண்டு எடுங்கள்: ஒன்று சாய்வு முழுவதையும் மூடும் அளவு, அடுத்தது அதைவிடச் சின்னது, மூன்றாவது அதனினும் சின்னது. 450 ஜிஎஸ்எம் மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் தரும், ஆக மூன்று அடுக்கில் கதவுத் தோலின் கனம் வந்துவிடும். மேட்டின் எடையைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். ஓட்டை மறுபக்கம் வரை இருந்தால், பின்னால் ஒரு பலகையில் பிரவுன் டேப் ஒட்டி அணைப்புக் கொடுங்கள். அந்த டேப்பில் ரெசின் பிடிக்காது.

பரப்பில் ரெசின் பூசி, பெரிய துண்டை முதலில் வைத்து, பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனையுங்கள். இழுத்துப் பூசினால் இழை பிரிந்து பிரஷ்ஷோடு வந்துவிடும். வெள்ளையாக இருக்கும் மேட் ரெசின் குடிக்கக் குடிக்கக் கண்ணாடி போலத் தெளியும். வெள்ளைப் புள்ளி எங்கே மிஞ்சுகிறதோ அங்கே காற்று இருக்கிறது என்று அர்த்தம். ஓரத்தை நோக்கித் தள்ளி வெளியேற்றுங்கள். பெரியதை முதலில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு தேய்க்கும்போது மேலே இருக்கும் சின்னத் துண்டுகள்தான் அறுபடும், பழைய பரப்பைப் பிடித்திருக்கும் அடித் துண்டு முழுசாக இருக்கும்.

மூன்றாவது அடுக்கு முடிந்ததும் மேலே ஓஎச்பி ஷீட்டைப் போட்டு, ஒரு பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழியுங்கள். காற்றுப் படும் இடத்தில் இந்த ரெசினின் மேல்பரப்பு இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஷீட் மூடியிருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

8. தேய்ப்பு, ஜெல்கோட், பாலிஷ்

மறுநாள் ஷீட்டை உரித்து, 80, பிறகு 120 நம்பரால் சமமாக்குங்கள். பழைய பரப்பை விட அரை மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கட்டும், ஜெல்கோட்டுக்கு இடம் வேண்டும். அசிட்டோனால் துடைத்துவிட்டு, ஜெல்கோட்டில் அதே கணக்கில் ஹார்டனர் கலந்து அரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, மறுபடியும் ஷீட் போட்டு மூடுங்கள். வெள்ளை ஜெல்கோட் பழைய கதவின் மங்கின வெள்ளையோடு ஒருபோதும் பொருந்தாது. துளி மஞ்சள் பிக்மென்ட் சேர்த்து, மூலையில் பூசிக் காயவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மறுநாள் 220, 400, 800 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கார் பாலிஷ் போடும் ரப்பிங் காம்பவுண்டால் துடைத்தால் போதும்.

கதவின் அடி விளிம்பை மறந்துவிடாதீர்கள். தண்ணீர் ஏறுவதே அந்த வழியாகத்தான். இரண்டு கை ரெசின் அங்கே அவசியம். மாட்டும்போது தரைக்கும் கதவுக்கும் நடுவே அரை அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும்.

9. ஷீட், வள்ளம், தண்ணீர்த் தொட்டி

மாட்டுத் தொழுவத்துக் கூரை ஃபைபர் ஷீட்டுக்கும் இதே முறைதான், ஒரு அடுக்கு மேட் போதும். வெயிலில் இழை வெளியே தெரிந்தால் கழுவி, தேய்த்து, ரெசின் ஒரு கை பூசலாம். ஷீட்டின் மேல் ஏறி நிற்காதீர்கள். பழைய ஷீட் ஆளைத் தாங்காது. கழற்றிக் கீழே கொண்டுவந்துதான் வேலை.

உண்மையான ஃபைபர் தொட்டி என்றாலும், குடிநீர்த் தொட்டியின் உள்பக்கம் சாதாரண ரெசினைப் பூசாதீர்கள். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற ரசாயனம் தண்ணீரில் இறங்கும்.

வள்ளத்தின் அடியில் மணல் உரசித் தேய்ந்ததை, கீறலை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நீளமான வெடிப்பு, எஞ்சின் மாட்டும் பின்பலகை இதெல்லாம் அனுபவப்பட்டவரிடம்தான் போக வேண்டும். கரையில் பெயர்ந்தால் கதவு, கடலில் பெயர்ந்தால் உயிர். பதிவு எண் எழுதிய இடத்தைத் தேய்ப்பதாக இருந்தால் முன்னதாகப் போட்டோ எடுத்து வைத்து, அதே இடத்தில் அதே எண்ணை மறுபடி எழுதிய பிறகே கடலில் இறக்குங்கள்.

10. மிஞ்சியதை என்ன செய்வது

ரெசின், அசிட்டோன் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள், தீப்பிடிக்கும். வெட்டவெளியில் விரித்துக் காயவைத்துப் பிறகு போடுங்கள். மிஞ்சிய ரெசினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஹார்டனர் கலந்து இறுகவைத்து, கட்டியாக்கிப் போடலாம். எதையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

ஹார்டனர் பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும். வேறு பாட்டிலுக்கு, முக்கியமாகத் தண்ணீர் பாட்டிலுக்கு, ஒருபோதும் மாற்றாதீர்கள். கடை தந்த அதே பாட்டிலில், மூடியை மாற்றாமல், பெயர் எழுதி ஒட்டி, வெயில் படாத உயரமான அலமாரியில் பூட்டி வையுங்கள். ரெசின் டின் அதே அலமாரியில் இருக்க வேண்டாம்.